மின்சாரம் எந்த வழியாகத் திரும்புகிறது? காரின் ஒயரிங்கைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

சாவியைத் திருப்புகிறீர்கள். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டாஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, ஹாரன் அடிக்கிறது, ஆனால் என்ஜின் அசையவில்லை. நான் முதன்முதலில் இந்த நிலையில் நின்றபோது பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிப் போட்டேன். நான்கு நாள் வண்டி கிளம்பியது. ஐந்தாம் நாள் மறுபடியும் 'டக்'. கடைசியில் மாட்டியது, என்ஜினையும் பாடியையும் இணைக்கும் ஒரு பட்டை ஒயர். அதன் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கப் பத்து நிமிடம் ஆனது. பழைய பேட்டரி நன்றாகவே இருந்திருக்கிறது.

அன்றைக்கு நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் எந்த வழியாகத் திரும்பி வருகிறது? 'சப்ளை வருதா' என்று எல்லோரும் பார்ப்பார்கள். திரும்பும் வழியைப் பார்ப்பவர் குறைவு. காரின் மின்கோளாறுகளில் பெரும்பங்கு விலையுயர்ந்த பாகங்களில் இருப்பதில்லை, இரண்டு உலோகங்கள் தொடும் இடங்களில்தான் இருக்கிறது. அந்த இடங்களை அளந்து பிடிப்பதற்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் வாசிக்கும்போதே செய்து பார்க்கலாம்.

பாடியே ஒரு ஒயர்

வீட்டு பல்புக்கு இரண்டு ஒயர் போகும். காரில் பல பாகங்களுக்கு ஒரே ஒயர்தான் நீண்ட தூரம் வரும். இரண்டாவது ஒயரின் வேலையை வண்டியின் இரும்பு உடலே செய்கிறது. இதைத்தான் எர்த் என்கிறோம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு தடித்த கேபிள் பாடிக்கும், இன்னொன்று என்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். என்ஜின் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரோ மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இந்தக் கேபிளும் பட்டை ஒயரும் இல்லாவிட்டால் என்ஜின் ஒரு தனித்தீவு.

மூன்று சொற்களை மட்டும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். வோல்ட் என்பது தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் அளவு. ஓம் என்பது வழியில் உள்ள தடை. ஆம்பியரை ஓமால் பெருக்கினால் அந்தத் தடையில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்பது கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 55 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும்.

இப்போது அந்தத் துருப்பிடித்த போல்ட்டுக்கு வருவோம். அதன் தடை வெறும் 0.01 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டரால் அதை நம்பகமாக அளக்கக்கூட முடியாது. அதன் வழியாக உள்விளக்கின் 0.4 ஆம்பியர் போனால் தொலைவது 0.004 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. அதே இடத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் 150 ஆம்பியர் போனால் தொலைவது 1.5 வோல்ட். தடை 0.03 ஓமாக ஏறினால் ஸ்டார்ட்டர் அத்தனை ஆம்பியரை இழுக்கவே முடியாது. ஸ்டார்ட்டரோடு சேர்ந்த காந்த ஸ்விட்சான சோலனாய்டு மட்டும் 'டக்' என்று அடிக்கும். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே செல்ஃப் மட்டும் சுற்றாமல் நிற்பதன் ரகசியம் இதுதான். சின்ன வேலைக்காரருக்குப் பழுது தெரியாது, பெரிய சுமை வந்தால்தான் அது வெளிப்படும்.

இதிலிருந்தே கருவி எதுவும் இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அறவே மங்கிப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனைகளிலேயே பிடிப்பு சரியில்லை. விளக்கு மங்காமல் அப்படியே எரிந்தால் ஸ்டார்ட்டருக்குப் போகும் அல்லது அங்கிருந்து திரும்பும் வழியில் ஏதோ தடைபட்டிருக்கிறது, இல்லையென்றால் ஸ்டார்ட்டரே பழுது. புது பேட்டரி வாங்குவதற்கு முன் நான் இதைச் செய்திருக்க வேண்டும்.

சேமிப்பவர், கிளப்புபவர், சம்பாதிப்பவர்

பேட்டரி, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் ஆகிய மூன்றும்தான் அடித்தளம். மற்ற எல்லாமே இந்த மூன்றின் தயவில் ஓடுபவை.

ஈய-அமில பேட்டரியை காஸ்டன் பிளான்டே 1859-இல் உருவாக்கினார். அடிப்படை வேதியியல் இன்னும் மாறவில்லை. 12 வோல்ட் என்று பெயர் இருந்தாலும் உள்ளே 6 அறைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆகவே நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. மீட்டரில் 12 என்று பார்த்ததும் 'நன்றாக இருக்கிறது' என்று நினைப்பது புதிதாக வருபவர் எல்லோரும் செய்யும் பிழை. 12.0 என்பது பசித்த பேட்டரி. அந்த நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் ஈயச் சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

அடுத்தவர் ஸ்டார்ட்டர். சார்ல்ஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் முன்பக்கம் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் என்ஜினைக் கிளப்பினார்கள். அது திருப்பி உதைத்து மணிக்கட்டு முறிந்தவர்கள் உண்டு. சாவியைத் திருப்பும்போது சிறிய மின்னோட்டம் ஒன்று சோலனாய்டுக்குப் போகிறது. அது இரண்டு வேலை செய்கிறது: ஒரு சிறிய பற்சக்கரத்தை முன்னால் தள்ளி, என்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் விளிம்புப் பற்களோடு கோக்கிறது, பெரிய மின்னோட்டம் மோட்டாருக்குள் பாய ஒரு தடித்த செம்பு இணைப்பை மூடுகிறது. 'டக்' என்று நீங்கள் கேட்பது இந்த இரண்டும் நடக்கும் சத்தம். அதாவது, சத்தம் கேட்டால் சாவி, ஸ்விட்ச், சிறிய ஒயர் வரைக்கும் வழி திறந்திருக்கிறது என்று ஒரு நல்ல செய்தி அதில் இருக்கிறது.

மூன்றாமவர் ஆல்டர்னேட்டர். பலர் டைனமோ என்று சொல்வது இதைத்தான். உண்மையான டைனமோ வேறு வகை, 1960-களில் கார்களிலிருந்து படிப்படியாக விலகிவிட்டது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் காரை நடத்துவது பேட்டரி அல்ல, ஆல்டர்னேட்டர்தான். இது தெளிவானால் பாதிக் குழப்பம் தீரும். பெல்ட்டால் சுழலும் ரோட்டருக்குள் ஒரு மின்காந்தம், அதைச் சுற்றி ஸ்டேட்டர் என்ற அசையாத பகுதியில் மூன்று தொகுதிச் சுருள்கள். அவற்றில் உண்டாவது மாறுதிசை மின்சாரம். டயோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்; பொதுவாக ஆறு டயோடுகள் அதை ஒருதிசை மின்சாரமாக்குகின்றன. ரெகுலேட்டர் ரோட்டருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து வெளியீட்டை ஏறத்தாழ 13.8-க்கும் 14.7-க்கும் இடையில் நிறுத்துகிறது. பேட்டரி 12.6-இல் இருப்பதால் இந்தக் கூடுதல் அழுத்தம் இருந்தால்தான் மின்சாரம் அதற்குள் திரும்பி ஏறும்.

டயோடு ஒன்று கசிந்தால் ஒரு விசித்திரம் நடக்கும். பகலில் சார்ஜ் ஏறுவது போலவே இருக்கும், இரவில் நின்றிருக்கும்போது அதே டயோடு வழியாகப் பேட்டரி வடியும். காலையில் வண்டி கிளம்பாது. பழி பேட்டரி மேல் விழும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி 'வண்டி நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் சரி' என்று பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரி இருக்கும்வரை அது அழுத்த ஏற்றங்களை விழுங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று அதை விலக்கினால் ஒரு கணம் பல பத்து வோல்ட் எழும்பி கம்ப்யூட்டர் பெட்டிகளை எரித்துவிடலாம். மீட்டர் அதே பதிலை எந்த ஆபத்தும் இல்லாமல் சொல்லும்.

ஃபியூஸும் ரிலேவும்

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால் ரேடியோவை, ஹாரனை என்பார்கள். இல்லை, ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஒயர் எத்தனை ஆம்பியரைச் சூடாகாமல் தாங்கும் என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே ஃபியூஸ் வைக்கிறார்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று 30 ஆம்பியர் போட்டால், அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது உருகப்போவது ஒயரின் பிளாஸ்டிக் உறை. கார்பெட்டுக்கு அடியில் அது புகைந்து தீப்பிடித்தால் நிறுத்த எதுவும் இருக்காது. ஒரு ஃபியூஸ் போனால் ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். மறுபடியும் போனால் காரணம் தேட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

தட்டை ஃபியூஸ்களுக்கு நிறம் பொதுவானது: 5 வெளிர்பழுப்பு, 7.5 அடர்பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. ஃபியூஸைப் பிடுங்காமலேயே சோதிக்கலாம். அதன் தலையில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். சாவியைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் வைத்து, சிவப்பை இரண்டு புள்ளிகளிலும் மாறி மாறி வையுங்கள். இரண்டிலும் 12 வந்தால் ஃபியூஸ் நலம். ஒன்றில் மட்டும் வந்தால் போய்விட்டது. இரண்டிலும் வராவிட்டால் கோளாறு ஃபியூஸுக்கு முன்னாலேயே இருக்கலாம், அல்லது அந்தச் சுற்றுக்கு இன்னும் சப்ளை திறக்கப்படாமல் இருக்கலாம்.

ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். ஸ்டியரிங்கில் உள்ள மெல்லிய ஹாரன் பொத்தான் வழியாக ஹாரனின் முழுச் சுமையையும் அனுப்பினால் பொத்தான் கருகிவிடும். அதனால் பொத்தான் ரிலேவை மட்டும் எழுப்புகிறது, மற்றதை ரிலே பார்த்துக்கொள்கிறது. பல ரிலேகளின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும்: 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சுருளின் முனைகள், 30 பேட்டரி பக்கம், 87 வேலை செய்ய வேண்டிய பாகத்தின் பக்கம். இந்த நான்கு எண்கள் தெரிந்தால் எந்த வரைபடத்தையும் வாசிக்கத் தொடங்கிவிடலாம். சந்தேகம் வந்தால் அதே ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணும் அதே முனையமைப்பும் உள்ள இன்னொரு ரிலேவை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இதைவிட விரைவான சோதனை இல்லை.

கை வைக்கும் முன்

மோதிரம், கைக்கடிகாரம், உலோகச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் பேட்டரியின் பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு மோதிரம் சிக்கினால் நொடியில் அது பழுக்கக் காய்ந்துவிடும், விரல் அதற்குள் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றினால் முதலில் நெகட்டிவ், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. காரணம் புரிந்தால் மறக்காது. நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாடி முழுவதும் நெகட்டிவ். பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் பாடியில் எங்கே பட்டாலும் ஷார்ட். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் திரும்பும் வழி இல்லை.

மஞ்சள் உறையும் மஞ்சள் கப்ளரும் (ஒயர்களைக் கோக்கும் செருகி) கொண்ட ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குரியவை. அவற்றில் மீட்டர் முனையைக்கூட வைக்காதீர்கள். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைச் சுமப்பவை. அவற்றுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்த வண்டிகளிலும் விளக்கு, கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர் போன்றவற்றுக்குத் தனியாக 12 வோல்ட் அமைப்பு இருக்கும். ஆல்டர்னேட்டருக்குப் பதில் பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு மாற்றி அதற்கு சார்ஜ் ஏற்றுகிறது.

முதல் மூன்று அளவுகள்

மீட்டரை டிசி வோல்ட், 20 என்ற அளவில் வையுங்கள். ஆம்பியர் துளையில் ஒயர் செருகியிருந்தால் உடனே மாற்றுங்கள். அந்த நிலையில் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் மீட்டரே ஒரு ஷார்ட் ஒயர் ஆகிவிடும்.

முதல் அளவு, ஓய்வில். வண்டி சில மணி நேரம் நின்றிருக்க வேண்டும். இப்போதுதான் நிறுத்தினீர்கள் என்றால் ஹெட்லைட்டை ஒன்றிரண்டு நிமிடம் போட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளங்கள். இல்லாவிட்டால் மேலோட்டமாக ஒட்டியிருக்கும் சார்ஜ் பொய்க் கணக்கு காட்டும்.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேலே நின்றால் நல்லது. 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு இங்கே 8-க்கு விழும் பேட்டரிகளை நிறையப் பார்க்கலாம். சுமை கொடுக்காமல் எந்தப் பேட்டரியையும் நம்பக் கூடாது.

மூன்றாவது, என்ஜின் ஓடும்போது. 13.8 முதல் 14.7 வரை எதிர்பாருங்கள். பிறகு ஹெட்லைட், ஏசி விசிறி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு என்ஜினைச் சற்று வேகமாக ஓட்டுங்கள். 13.5-ஐ ஒட்டியே நின்றால் ஆல்டர்னேட்டர் சுமையைத் தாங்குகிறது. 12.6-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பேட்டரியிலிருந்து செலவாகிறது. முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஆல்டர்னேட்டரின் பின்பக்கக் கப்ளர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த கம்ப்யூட்டரே சார்ஜிங் அழுத்தத்தை ஏற்றி இறக்கும். சில நேரம் 12.8, சில நேரம் 15-க்குப் பக்கத்தில் காட்டலாம். ஒரே ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

தொலைந்த வோல்ட்டைத் தேடுவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பழகிக்கொள்ள முடியும் என்றால் இதைப் பழகுங்கள்.

ஒயரில் இருபது செம்பு இழைகள் இருந்து, பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், சுமை இல்லாதபோது மீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும். ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யம். 'சப்ளை வருகிறது, பாகம்தான் போய்விட்டது' என்று நல்ல மோட்டாரைத் தூக்கிப்போடுவது இப்படித்தான். ஆகவே கேட்க வேண்டியது 'எவ்வளவு வருகிறது' என்பதை அல்ல. பாகம் வேலை செய்துகொண்டிருக்கும்போது வழியில் எவ்வளவு தொலைகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எர்த் பக்கத்தில் தொடங்குவோம். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி. என்ஜின் கிளம்பிவிடாமல் இருக்க ஃபியூவல் பம்ப்பின் ஃபியூஸையோ ரிலேவையோ கழற்றிவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையிலேயே அழுத்துங்கள். அதன் மேலே மாட்டியிருக்கும் கேபிளின் கிளாம்ப்பில் வைத்தால் முனைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவிலுள்ள பழுது தப்பிவிடும். மற்ற முனையை என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வையுங்கள். ஒருவர் மூன்று நான்கு நொடி செல்ஃப் அடிக்கட்டும். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் திரும்பும் வழி சுத்தம். 0.5-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு இணைப்பு மின்சாரத்தைத் தின்கிறது. என் வண்டியில், அந்தப் பட்டை ஒயரைத் தொடுவதற்கு முன் அளந்தபோது 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்த கணத்தில்தான் எனக்கு மின்சாரம் புரிந்தது என்று சொல்வேன்.

இனி வழியைத் துண்டு துண்டாக்குங்கள். முனைக்கும் கிளாம்ப்புக்கும் இடையே, கிளாம்ப்புக்கும் கேபிளின் மறுமுனைக்கும் இடையே, அந்த முனைக்கும் போல்ட் இறங்கியிருக்கும் உலோகத்துக்கும் இடையே. எந்தத் துண்டில் வோல்ட் எகிறுகிறதோ அங்கேதான் பழுது. வேறு எங்கும் கழற்ற வேண்டியதில்லை. பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான்: பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே செல்ஃப் அடிக்கும்போது 0.5-க்குள் இருக்க வேண்டும். விளக்கு, விசிறி போன்றவற்றின் எர்த்துக்கு 0.1 வோல்ட்டுக்கு மேல் போனாலே சந்தேகப்படலாம்.

எர்த் கெட்டால் மின்சாரம் சும்மா நின்றுவிடாது, வேறு வழி தேடும். பிரேக்கை மிதித்தால் டெயில் விளக்குகள் மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுவது எல்லாம் இதன் அடையாளம். பின்விளக்குத் தொகுதியில் எல்லா பல்புகளுக்கும் ஒரே எர்த். அது விட்டுப்போனால் ஒரு பல்பின் மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது. அதனால் இரண்டு பல்பும் அரைகுறையாக எரிகின்றன. விளக்குகள் பேய் பிடித்ததுபோல நடந்துகொண்டால் பல்பை விட்டுவிட்டு நேரே எர்த் போல்ட்டைத் தேடுங்கள்.

ஹாரனை வைத்து ஒரு பயிற்சி

ஹாரன் அடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஃபியூஸ் பார்த்தாகிவிட்டது, நலம். பொத்தானை அழுத்தச் சொல்லி ரிலேவின் மேல் விரல் வையுங்கள். துடிப்பு தெரிந்தால் பொத்தானிலிருந்து ரிலே வரை வழி சரி. ஹாரனின் கப்ளரைக் கழற்றி, பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பை அதன் இரு முனைகளுக்கும் இடையே பிடித்து, மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் ஹாரன்தான் பழுது. எரியாவிட்டால் லாம்ப்பின் ஒரு பக்கத்தைப் பேட்டரி நெகட்டிவுக்கு மாற்றி, மறுபக்கத்தைச் சப்ளை முனையில் வையுங்கள். இப்போது எரிந்தால் எர்த் விட்டுப்போயிருக்கிறது. இப்போதும் எரியாவிட்டால் ரிலேவின் 87-இலிருந்து ஹாரன் வரை ஒயரைப் பின்தொடர வேண்டும். ஒரே ஒயர் வரும் ஹாரன் என்றால் அதைத் தாங்கும் தகடே எர்த். அந்தத் தகட்டின் போல்ட்டைச் சுத்தம் செய்து பாருங்கள். ஒயிப்பர், விசிறி, கண்ணாடி மோட்டார் என்று எதுவானாலும் இதே நடைதான். கம்ப்யூட்டரோடு பேசும் மெல்லிய ஒயர்களில் மட்டும் பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பைப் பயன்படுத்தாதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டத்தை அந்தச் சர்க்யூட் தாங்காது. அங்கே மீட்டர் மட்டும்.

இரவில் வடியும் பேட்டரி

நிறுத்திய காரும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். கடிகாரம், ரிமோட் பூட்டு, கம்ப்யூட்டர்களின் நினைவு ஆகியவற்றுக்கு 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) என்றால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாக மூன்று வாரம் நெருங்கும். டிக்கி விளக்கு ஒன்று, 5 வாட், அணையாமல் எரிந்தால் அதே பாதி இரண்டு நாள் சொச்சத்தில் தீரும்.

வடிவதைப் பிடிக்கப் பேட்டரியைக் கழற்றாத ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாவற்றையும் அணைத்து, பானட்டைத் திறந்துவைத்து, வண்டியைப் பூட்டிவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள். கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் எடுக்கும். பிறகு மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலுள்ள இரு புள்ளிகளையும் தொட்டுக்கொண்டே போங்கள். ஃபியூஸும் ஒரு சிறிய தடைதான். மின்சாரம் ஓடினால் அதில் மில்லி வோல்ட் அளவில் கொஞ்சம் தொலையும். பூஜ்யம் காட்டும் சுற்றுகள் தூங்குகின்றன. எண் காட்டுவது விழித்திருக்கிறது. அந்த ஃபியூஸ் எந்தெந்த பாகங்களுக்குப் போகிறது என்று மூடியிலுள்ள அட்டவணையில் பார்த்து ஒவ்வொன்றாகக் கப்ளரைக் கழற்றினால் ஆள் அகப்படும். பிற்பாடு மாட்டிய ஆடியோ ஆம்ப்ளிஃபயர், அலாரம், கேமரா இருந்தால் முதலில் அவற்றைப் பாருங்கள்.

எல்லா ஃபியூஸும் பூஜ்யம், ஆனாலும் வடிகிறது என்றால் ஃபியூஸ் பெட்டிக்குள் வராத ஒயர்கள் மிச்சம். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் அதில் முதன்மையானது. கசியும் டயோடு ஞாபகமிருக்கிறதா?

இன்னொரு காரிலிருந்து உயிர் கொடுக்க

ஜம்பர் கேபிளில் வரிசைதான் முக்கியம்.

1. சிவப்பின் ஒரு முனையைச் செத்த பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள்.
2. சிவப்பின் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்.
3. கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில்.
4. கறுப்பின் கடைசி முனை செத்த வண்டியின் என்ஜினில், பேட்டரிக்குத் தள்ளி, பெயின்ட் இல்லாத கனமான உலோகத்தில்.

கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருக்கக்கூடும் என்பதால்தான் அந்தப் பொறியைத் தள்ளி வைக்கிறோம். நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு செல்ஃப் அடியுங்கள். கழற்றும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. பேட்டரி உறைந்தோ உப்பியோ வெடித்தோ இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

கம்ப்யூட்டர்கள் பேசும் ஒயர்

இன்றைய காரில் பல கம்ப்யூட்டர்கள் முறுக்கிய இரட்டை ஒயர் ஒன்றின் வழியே தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. போஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கேன் என்ற முறை அது. புதிதாகக் கற்பவருக்கு இதில் ஒன்று தெரிந்தால் போதும். அழுத்தம் தாழ்ந்தால் இந்தக் கம்ப்யூட்டர்கள் குழம்பி, சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகளை ஏற்றும். ஏபிஎஸ், ஸ்டியரிங், கியர் என்று ஒரே நேரத்தில் நான்கைந்து விளக்கு எரிந்தால், கம்ப்யூட்டரிலிருந்து கோளாறுக் குறிகளை வாசிக்கும் ஸ்கேனரை மாட்டுவதற்கு முன் பேட்டரியையும் அதன் இரண்டு கிளாம்ப்புகளையும் பாருங்கள். கிளாம்ப்பைக் கையால் திருகினால் அசையக் கூடாது. வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருந்தால், கேபிள்களைக் கழற்றிவிட்டு, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, சமையல் சோடா கரைத்த நீரால் மெதுவாகக் கழுவுங்கள். கரைசல் பேட்டரி அறைகளுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்ததும் ஈய முனையையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் கம்பி பிரஷ்ஷால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, அதன்பிறகு மேலே மெல்லியதாக வாசலின் தடவுங்கள்.

வண்டி நலமாக இருக்கும் ஒரு நாளில் முதல் மூன்று அளவுகளையும், எர்த் பக்கம் தொலையும் வோல்ட்டையும் எடுத்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை 'டக்' கேட்கும்போது ஒப்பிட அந்தத் தாள் இருக்கும்.